அறையைத் துடைத்துவிட்டு வந்தேன்

சிவகாசியில் அச்சடிக்க முடியாத பொருள் என்று எதுவும் கிடையாது. நான் நெட்வொர்க் படித்த சென்டரில் ரூட்டரையே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

கூட்டிச் சொல்லவில்லை. ஆள் உயரம், நான்கு கலர், மேலே பளபளவென்று லேமினேஷன். அதைப் பிளைவுட் பலகையில் ஒட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, கோயில் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சீரியல் லைட்டைச் செருகியிருந்தார்கள். பச்சையும் ஆரஞ்சுமாக மினுக்கும். பிள்ளைகளைச் சேர்க்க வரும் அப்பா அம்மாக்கள் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

உண்மையான ரூட்டர்கள் வேறு ஏதோ ஒரு பெரிய ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், பூட்டிய அறைக்குள் இருந்தன. நாங்கள் இங்கிருந்து இன்டர்நெட் வழியாக அவற்றுக்குள் போய்ப் பழக வேண்டும். ரூட்டர் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, சாத்தூரா அந்தப் பக்கம், வெம்பக்கோட்டையா இந்தப் பக்கம் என்று கை காட்டுகிற டைம் கீப்பர் மாதிரி. ஆனால் இதை ஊருக்குள் விளக்குவது எளிதா? ஆரம்பத்தில் ஒரு பெரியவர் வந்து, "மிஷின எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டாராம். வெளியூரில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். "அப்ப எம்மகன அங்கன அனுப்புறேன், உங்ககிட்ட எதுக்கு அனுப்பணும்?" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இந்த அச்சு.

சென்டர் ஒரு காலண்டர் பிரஸ்ஸின் மாடியில் இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே எங்கள் கீபோர்டு நடுங்கும். முதலாளி குடும்பத்துக்கு பிரஸ்ஸும் உண்டு, பட்டாசு ஆலையும் உண்டு. வெளியூரில் படித்துவிட்டு வந்த கடைசி மகனுக்குப் பட்டாசு ஒத்துக்கொள்ளவில்லை, ஆலைக்குள் போனாலே தும்மல். அவரை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்து இந்தப் படிப்பைத் தொடங்கிக் கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் அவர் சின்ன முதலாளி.

நான் ஆமத்தூரில் இருந்து பஸ்ஸில் வருவேன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, வேலை தேடிக் கால் தேய்ந்து, இரண்டு வருடம் பயராபீஸில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைத்தவள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களிடம் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமே, அதில் ஒரு கௌரவம். அம்மாவும் பயராபீஸ்தான், வேறு கம்பெனி. சாயங்காலம் இரண்டு பேரும் அலுமினியப் பவுடர் பூசிக்கொண்டு வெள்ளிச் சிலைகளாக வீடு திரும்புவோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் இருந்து மட்டும் அது போகாது.

அப்போதுதான் சென்டரின் நோட்டீஸைப் பார்த்தேன். ஆறு மாதப் படிப்பு. முடிவில் மதுரையில் உள்ள ஒரு கம்பெனி செய்முறைப் பரீட்சை வைத்து, எங்கள் சென்டரில் இருந்து ஒரே ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும். அந்த ஒரு ஆள் நான்தான் என்று நோட்டீஸைப் பார்த்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இல்லாவிட்டால் மறுபடி மருந்து அறைதான், ஆயுசுக்கும் அதுதான். எனக்கு அது வேண்டாம். வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த அறையைக் கண்டால் பயம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் விருதுநகர்க்காரர். தங்கமான மனிதர். அவர் வாங்கிய சர்டிபிகேட்டுகளை மாட்டினால் சுவர் தெரியாது. முதல் வாரத்திலேயே நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"சார், நெஜ ரூட்டரு எம்புட்டு கனம் இருக்கும்?"

சார் யோசித்தார். "இருக்கும்மா. நல்ல கனம்தான்."

"நீங்க தூக்கிப் பாத்திருக்கீகளா?"

"ஏம்மா, டாக்டரு எல்லா நோவும் தனக்கு வந்தா வைத்தியம் பாக்குறாரு?"

வகுப்பே சிரித்தது. நல்ல பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரும் தொட்டதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. வெறுங்கையில் முழம் போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; நாங்கள் பதினாறு பேர் ஆறு மாதம் உட்கார்ந்து போட்டோம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர், அதற்கு மேல் ஒருவர்கூட நிற்கக் கூடாது என்று சின்ன முதலாளி சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். ஆலையில் ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து. அந்தப் பழக்கம் அவருக்கு. நான் வேலை பார்த்த ஆலையில் சீசன் நெருக்கும்போது அந்த எழுத்துக்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள். சோதனை அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டால் பாதிப் பேர் எழுந்து வேலிக்கருவை மறைவுக்கு ஓடுவோம். ஜீப் போனதும் திரும்பி வந்து உட்கார்வோம். வெடிக்க ஒன்றுமே இல்லாத இந்த மாடியில்தான் ஐந்தாவது தலை எட்டிப் பார்த்தால் குற்றம். என்னத்தைச் சொல்ல!

லேப் நடக்கும் விதம் இதுதான். இன்ன நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை நமக்கு என்று முன்னாலேயே பதிந்துவைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் ஆறு ரூட்டர்கள் நம் கைக்கு வரும். ஆனால் நமக்கு முந்தைய நேரத்தில் அதே ஆறிலும் வேறு எந்த ஊரிலோ இருந்து யாரோ பழகிவிட்டுப் போயிருப்பார்கள். நல்ல லேப் என்றால் ஒருவர் நேரம் முடிந்ததும் தானாகவே எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிக்கொள்ளுமாம். சின்ன முதலாளி பிடித்தது அந்த ரகம் இல்லை. உள்ளே போனால் ஒருத்தன் ரூட்டருக்குத் தன் காதலி பெயரை வைத்திருப்பான். இன்னொருத்தன் புதுப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போயே போயிருப்பான். செய்தியை வடக்கே அனுப்பினால் அது எவனோ போட்ட பழைய வழியில் தெற்கே ஓடும். இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அடுத்தவன் எச்சில் இலையை எடுப்பதிலேயே போய்விடும்.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பயராபீஸில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது மருந்து அடைக்க இல்லை, அறையைத் துடைக்க. கலந்த மருந்து மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அறைக்குள் தங்கக் கூடாது. சாயங்காலம் கிளம்பும் முன் உள்மூலையில் ஆரம்பித்து வாசல் வரைக்கும் ஒரு சிட்டிகை விடாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் தரையை இன்னொருத்தியிடம் காட்டிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். வேன் ஹாரன் அடிக்கட்டும், மழை வரட்டும், அறையைத் துடைக்காமல் வேன் ஏறியவளை எங்கள் கூட்டத்தில் மனுஷியாகவே மதிக்க மாட்டோம்.

அந்தக் கை இங்கேயும் சும்மா இருக்குமா? எங்கள் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வேன். கடைசி ரூட்டரில் ஆரம்பித்து முதல் ரூட்டர் வரைக்கும், எழுதியதையெல்லாம் அழி, புதிதாக எழுந்திரு என்று இரண்டே கட்டளைகள். ஆறும் அன்று பிறந்த பிள்ளைகளாக ஆன பிறகுதான் வெளியே வருவேன். கூடப் படித்தவர்கள் எனக்கு விளக்குமாறு என்று பேர் வைத்தார்கள்.

"ஏ வெளக்குமாறு, அடுத்து வர்றவன் ஒனக்கு மாமனா மச்சானா? அவனுக்கு எதுக்குடி இம்புட்டு சேவகம்?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.

"எவனா வேணா இருந்துட்டுப் போறான். நாம கலந்தத நாமதான் எடுக்கணும்."

சார் என்னை மெச்சிக்கொண்டார். வகுப்பில் யாருக்குமே அந்தக் கட்டளைகள் கண்ணை மூடிக்கொண்டு வராது, எனக்கு வரும் என்றார். வினையே அங்கேதான் இருந்தது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு ஓடுகிற எதுவும் பொட்டு இல்லாமல் தப்ப முடியாது. கீழே அச்சு மிஷினுக்கு மாலை, கட்டிங் மிஷினுக்கு மாலை, வேனுக்கு வாழைக்கன்று. ஸ்டேப்ளருக்குக்கூடச் சந்தனம். எல்லாம் முடித்துவிட்டு சின்ன முதலாளியின் அப்பா, அதாவது பெரிய முதலாளி, மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, ரூட்டருக்குச் சந்தனம் வைக்கக் கையை நீட்டினார். விரல் வழுக்கியது.

"என்னலே இது, அட்டையா?"

சின்ன முதலாளி காதோரம் ஏதோ சொன்னார். பெரிய முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "படத்துக்குப் பொட்டு வச்சு நான் என்ன செய்ய? தொழில் நடக்கது நெஜ மிஷின்லதான? அங்கன இருக்குற ஆளுககிட்டச் சொல்லி ஒரு பொட்டு வைக்கச் சொல்லு. இப்பவே சொல்லு."

சார் லேப்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எதுவாக இருந்தாலும் புகாராக எழுதிப் பதிவு செய்யுங்கள் என்றது போன். பதிவு செய்யும் பக்கத்தில் புகார் என்ன வகை என்று கேட்டது. மின்சாரம், இணைப்பு, பாஸ்வேர்டு எல்லாம் இருந்தன, சந்தனம் குங்குமம் மட்டும் இல்லை. சார் 'இதர' என்பதைத் தொட்டு, ஆறு ரூட்டருக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தால் நல்லது என்று மிகுந்த மரியாதையுடன் ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் பிரச்சினை சரிசெய்யப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? சார் ஐந்து கொடுத்தார். பெரிய முதலாளியிடம் பொட்டு வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கும் திருப்தி.

தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறந்த மாதத்தில் எங்களுக்குப் பரீட்சை வந்தது. மதுரைக் கம்பெனி அனுப்பிய விதிமுறை பதினோரு பக்கம். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது, செல்போன் கூடாது, பதற்றப்படக் கூடாது என்றுகூட ஒரு வரி இருந்தது. சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. கீழே பிரஸ்ஸில் இருந்தும் கம்ப்யூட்டர் கொண்டுவந்து ஆளுக்கொன்று, ஆளுக்கு ஆறு ரூட்டர்கள்; திங்கட்கிழமை வரை அவற்றை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். நடுவில் ஒரு வழி அறுந்துபோனாலும் செய்தி வேறு வழியில் சுற்றிக்கொண்டு போய்ச் சேருகிற மாதிரி அமைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் மதுரையில் இருந்து ஒரு மேடம் அதே ரூட்டர்களுக்குள் வந்து, நாங்கள் அமைத்ததைப் பார்த்து மார்க் போடுவார்.

நான் நாலே காலுக்கு முடித்துவிட்டேன். சும்மா முடிக்கவில்லை, ஒரு வழியை நானே அறுத்துப் பார்த்தேன். செய்தி ஒரு நொடி திணறியது, பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ கிடக்கிற பெட்டி, ஆமத்தூர்க்காரி சொன்ன பேச்சைக் கேட்கிறது! அறுத்ததை ஒட்டினேன். எல்லாவற்றையும் இன்னொரு தடவை சரிபார்த்தேன். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தேன்.

ஆமாம். கடைசி ரூட்டரில் ஆரம்பித்து முதல் ரூட்டர் வரைக்கும் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு, பாஸான சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. மதுரை மேடம்.

"நீங்க சனிக்கிழமை எக்ஸாம் எழுதினீங்களா?"

"எழுதுனேன் மேடம். எல்லாமே முடிச்சேன்."

"ஆறு ரூட்டரும் காலியா இருக்கே? ஒரு வரி இல்ல."

"ஆமா மேடம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஆமாவா?"

"வேலை முடிஞ்சிருச்சுல்ல மேடம். தொடச்சிட்டேன்."

அந்தப் பக்கம் மேடம் மறுபடி கீபோர்டைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"வேலை முடிஞ்சா எதுக்கும்மா அழிக்கணும்?"

"வேலை முடிஞ்சா எதுக்கு மேடம் வைக்கணும்?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அடிப் பாதகத்தி! பரீட்சை என்றால் அடுத்தவர் பார்க்க வைத்துவிட்டு வருவது. விடிய விடியச் சமைத்து, உப்புப் புளி பார்த்து, பந்தி உட்காரும் முன்னால் அத்தனையையும் கழுவி ஊற்றிவிட்டு அண்டாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்த நிலையிலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"பதினோரு பக்கத்துல எங்கயுமே அழிக்கக் கூடாதுன்னு போடலையே மேடம்."

"யாராவது அழிப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லையேம்மா."

பூஜ்யம். சென்டரில் அன்றைக்கு எனக்கு நடந்தது பூஜை. சின்ன முதலாளி, மதுரையில் சென்டர் மானமே போய்விட்டது என்றார். பக்கத்து சீட்டுக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிஜமாகவே அழுதாள். சார் மட்டும், பாவம், மெச்சிக் கெடுத்தவன் நான்தான் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் ஞாபகமறதி என்றார்கள்.

ஞாபகம் அதிகமாகப்போய்த்தான் அப்படி ஆயிற்று. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் அப்பா பயராபீஸ் வெடிவிபத்தில் இறந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒரு ஆள், மிஞ்சிய கலவையை அறைக்குள்ளேயே சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆர்டர் அவசரம், வேன் நிற்கிறது, திங்கட்கிழமை வந்து அடைத்துக்கொள்ளலாம் என்று. ஞாயிறு முழுக்க அது பூட்டிய அறைக்குள் புழுங்கிக் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தது அப்பா. அவருக்கு அது வேலை அறையே இல்லை. கூட்டிப் பெருக்குகிற பெண் வரவில்லை என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவர். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். எந்தத் தொழிலாளி என்று எழுதவில்லை. படிக்கிறவர்கள் செத்தவன்தான் கவனமில்லாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும் என்றுதானே அப்படி எழுதுவது? அந்த ஒரு வரியின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

ஆகவே சனிக்கிழமை நான் கலந்து வைத்துவிட்டு வர வேண்டும், திங்கட்கிழமை இன்னொருவர் வந்து திறக்க வேண்டும் என்று ஒரு பரீட்சை வைத்தால், என் கை அதற்கு எப்படிச் சம்மதிக்கும்?

மறுநாள் நானே மேடத்துக்குப் போன் செய்தேன். அழுது கேட்கக் கூடாது, அப்பா கதையைச் சொல்லக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் செய்தேன். அதைச் சொல்லி வாங்குகிற மார்க் எனக்குக் கசக்கும். லேபில் நாங்கள் அழுத்துகிற ஒவ்வொரு எழுத்தும் பதிவாகும், அதைப் பார்த்துவிட்டு என்னை ஃபெயிலாக்குங்கள் என்று சண்டைக்குத் தயாராக ஆரம்பித்தேன்.

"பாத்துட்டேன்," என்றார் மேடம். "நாலே கால் வரைக்கும் எல்லாமே சரி. இவ்வளவு சுத்தமா யாரும் செய்யல. அதுக்கப்புறம் அழிச்சதும் ரொம்ப ஒழுங்கா அழிச்சிருக்கீங்க. ஏன் கடைசியில இருந்து ஆரம்பிச்சீங்க?"

"உள்ள இருந்துதான மேடம் வாசலுக்கு வரணும்? வாசல மொதல்ல தொடச்சிட்டா, உள்ள கெடக்குறத எடுக்க எப்பிடிப் போவீங்க?"

"சரி. வர்ற சனிக்கிழமை திரும்ப எழுதுங்க. கேள்வி வேற குடுப்பேன். ஒரே ஒரு கண்டிஷன். முடிச்சதும் கைய எடுத்துரணும்."

சின்ன முதலாளி அன்றைக்கே பிரஸ்ஸுக்கு இறங்கிப் போய் விதிமுறைக்குப் பன்னிரண்டாம் பக்கம் ஒன்று அச்சடித்துக் கொண்டுவந்தார். 'அழிக்காதே', இரண்டடிக்கு மூன்றடி, நாலு கலர், ஓரத்தில் பூ வேலை. என் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே ஒட்டினார். நானும் என் பங்குக்கு வீட்டில் தோசைக்கல்லைக் கழுவாமல் விட்டுவிட்டு வந்து பழகினேன். இரண்டாம் நாள் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் மட்டும்தான். சார் மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேள்வி கடினம்தான், ஆனாலும் மூன்றே முக்காலுக்கு முடித்துவிட்டேன். அறுத்துப் பார்த்தேன், போனது. ஒட்டினேன். இனிமேல் எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நேரம் ஐந்து வரை இருக்கிறது, ஐந்துக்கு லேப் தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும், அதுவரை உட்கார்ந்திருந்துவிட்டால் தீர்ந்தது என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். நாலு மணி. நாலே கால். திரையில் அந்தச் சின்னக் கோடு மினுக்கி மினுக்கி, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறு அறையிலும் கலந்தது கலந்தபடி கிடக்கிறது, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை ஒருவர் வந்து கதவைத் திறக்கப் போகிறார். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாலரைக்கு வலது கை தானாக வெளியே வந்து கீபோர்டின் மேல் உட்கார்ந்தது.

அப்போதுதான் அம்மா மாடி ஏறி வந்தாள். சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து, கம்பெனி வேன் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருக்கிறது. என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறாள். காதெல்லாம் வெள்ளி. ஆலையில் அறைக்குள் போகும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள கரண்டை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். இங்கே தகட்டைத் தேடியிருக்கிறாள், காணாமல் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள். சார் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வணக்கம் சொன்னார்.

"இதா அந்த மிஷினு?" என்று கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"அது படம்மா."

"படத்துக்கா லைட்டு போட்ருக்காக? வெளங்கிரும்." என் பக்கத்தில் வந்து நின்றாள். "முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"பெறகு ஏன் உக்காந்திருக்க?"

"அப்பிடியே விட்டுட்டு வரணும்மா. எடுக்கக் கூடாது. திங்கக்கெழமை வந்து தொறந்து பாப்பாக."

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை, திங்கட்கிழமை என்று அவளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

"தொறக்குறவுக அந்த ரூமுக்குள்ள போய்த் தொறப்பாகளா?"

"இல்லம்மா. அவுக மதுரையில இருப்பாக. அங்கன இருந்தே தொறப்பாக."

"மிஷினு மதுரையிலயா இருக்கு?"

"இல்ல. அது வேற ஊரு."

"அப்ப அந்த ரூமுக்குள்ள ஆரு இருக்கா?"

"யாருமே இல்லம்மா. பூட்டியேதான் கெடக்கும்."

"கூட்டுறவுக? வாச்மேன்?"

"உள்ள யாரும் போக மாட்டாக."

"ஆளே இல்லாத ரூமா?"

"ஆளே இல்ல."

அம்மா கண்ணாடிக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், என் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஆறு மாதமாக நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று கேட்காதவள், இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத் தலையை ஆட்டினாள்.

"அப்ப இது நல்ல வேலதான். கெடக்கட்டும், எந்திரி."

கையை எடுத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடம் மதுரையில் இருந்து திறந்து பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது, வேலை உங்களுக்குத்தான் என்று உடனே போன் செய்தார். சொல்லலாம் என்று வீட்டுக்குள் திரும்பினேன். அந்த நேரத்துக்கு அம்மா வழக்கம்போல அவள் கம்பெனியில் மருந்து அறைக் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தாள்.